இன்காக்களின் கணக்கப்பிள்ளைகள்

இன்கா என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டுதான். ஒன்று மச்சு பிச்சு, இன்னொன்று தங்கம். மச்சு பிச்சுவை விடுங்கள், அதைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தங்கக் கதையும் ஓரளவு தெரிந்ததுதான்: 1532 நவம்பர் 16ஆம் தேதி பெரு நாட்டு மலையில் இருக்கும் கஹமார்கா என்ற ஊரில், 168 ஸ்பானியர்களோடு வந்த பிரான்சிஸ்கோ பிசாரோ, பெரும் படையோடு பக்கத்தில் முகாமிட்டிருந்த இன்கா பேரரசர் அதாவால்பாவைப் பேச்சுவார்த்தைக்கு வரவழைத்துப் பிடித்துக்கொண்டார். விடுதலைக்கு விலையாக ஓர் அறையை ஒரு தடவை தங்கத்தாலும் இரண்டு தடவை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாக அதாவால்பா ஒப்புக்கொண்டார், சொன்னபடி கொடுக்கவும் செய்தார். உருக்கி எடைபோட்டதில் தங்கம் மட்டுமே 6 டன் தேறியது. வாங்கிக்கொண்டு 1533இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

அதே கஹமார்காவில் இன்னொரு விஷயம் நடந்தது, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பிசாரோவின் எழுத்தர் பிரான்சிஸ்கோ தெ ஹெரெஸ் எழுதிவைத்திருக்கிறார்: அந்த ஊரில் சில வீடுகள் நிறைய, கூரைவரைக்கும், கட்டுக்கட்டாகத் துணி அடுக்கியிருந்ததாம். ஸ்பானியர்கள் வேண்டிய மட்டும் அள்ளிக்கொண்ட பிறகும் எடுத்த தடமே தெரியவில்லையாம். அவர்களுக்கு அது வெறும் துணி. இன்காக்களுக்கோ தங்கத்தை விட மேலானது அது. படைவீரனுக்குக் கூலி, தலைவர்களுக்குப் பரிசு, சாமிக்குக் காணிக்கை எல்லாமே துணிதான். ஒரு அரசாங்கத்தின் கஜானாவுக்குள் நின்றுகொண்டு, இது கஜானா என்று தெரியாமலே சுவரில் பதித்த தங்கத் தகடு எங்கே என்று தேடியிருக்கிறார்கள்.

1547க்கு வருவோம். அதாவால்பா செத்துப் 14 வருஷம் ஆகிவிட்டது. ஸ்பானியர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள். பிசாரோவின் தம்பி கொன்சாலோ கலகம் செய்ய, அவரை அடக்க அரசர் அனுப்பிய படை ஹௌஹா பள்ளத்தாக்கில் வந்து நிற்கிறது. சாப்பாட்டுக்கு என்ன வழி? மலைச்சரிவில் இருந்த பழைய இன்கா கிடங்குகளைத் திறந்தார்கள். அந்தப் படையில் உணவுப் பொறுப்பைப் பார்த்த போலோ தெ ஒந்தெகார்தோ சொல்லும் கணக்குப்படி, ஏறக்குறைய 2,000 பேருக்கு ஏழு வாரம் அதிலிருந்து சோறு போட்டிருக்கிறார்கள். அரசன் இல்லை, அரசாங்கம் இல்லை, நாட்டில் ஓயாத போர், அம்மை நோயில் ஊர் ஊராகச் சாகிறார்கள். அப்படியும் கிடங்கில் சரக்கு இருக்கிறது.

இந்த ஒரு செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு இன்காக்கள் மேல் உண்மையான ஆர்வம் வந்தது. இவர்களுடைய சாதனை தங்கமும் இல்லை, நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள கல்லைச் சாக்சைவாமான் கோட்டையில் கத்தி நுழையாமல் பொருத்தியதும் இல்லை (அதுவும் சாதனைதான், இல்லையென்று சொல்லவில்லை). சேர்த்துவைத்ததும், சேர்த்ததற்குக் கணக்கு வைத்ததும்தான் சாதனை என்பது என் கட்சி. அந்தக் கணக்குக்கு ஒரு கொடூரமான பக்கமும் உண்டு, அதற்கும் வருகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். தவான்டின்சூயு என்பது அவர்கள் வைத்த பெயர், நான்கு பகுதிகள் சேர்ந்த நாடு என்று பொருள். இன்றைய கொலம்பியாவின் தெற்கு ஓரத்திலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை, வடக்கு தெற்காக ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். ஒரு பக்கம் மழையே காணாத கடற்கரைப் பாலைவனம், நடுவில் ஆண்டீஸ் மலைத்தொடர், அந்தப் பக்கம் அமேசான் காடு. தலைநகர் குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில். மக்கள்தொகையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், ஒரு கோடியை ஒட்டிச் சொல்பவர்கள்தான் அதிகம். இத்தனையும் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்குள் கட்டியெழுப்பியது; பச்சகூத்தி என்ற அரசர் பட்டத்துக்கு வந்ததாக வழக்கமாகச் சொல்லும் ஆண்டு 1438. ஆனால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டவில்லை. அவர்களுக்கு ஐந்நூறு அறுநூறு வருஷம் முன்னாலேயே வாரி என்ற அரசு அதே மலைகளில் சாலை போட்டிருக்கிறது, கயிற்றில் கணக்கு வைத்திருக்கிறது. கடற்கரையில் சிமூ அரசு சான் சான் என்ற மாபெரும் மண் நகரத்தைக் கட்டி ஆண்டது, அதை இன்காக்கள் 1470 வாக்கில் பிடித்தார்கள். பழைய சரக்கை எடுத்துப் பெரிய அளவில் ஓட்டிக்காட்டியவர்கள் என்று வேண்டுமானால் இன்காக்களைச் சொல்லலாம்.

பொதுவாக இந்த இடத்தில் ஒரு 'இல்லை' பட்டியல் போடுவார்கள். எழுத்து இல்லை, காசு இல்லை, சக்கரம் இல்லை, இரும்பு இல்லை, குதிரை இல்லை. எனக்கு இந்தப் பட்டியலைக் கண்டாலே எரிச்சல். நாற்பது கிலோ சுமந்தாலே படுத்துக்கொள்ளும் லாமாவை வைத்துக்கொண்டு, படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறி இறங்கும் மலைப்பாதையில் மாட்டுவண்டியா ஓட்ட முடியும்? இல்லாததை எண்ணுவதை விட்டுவிட்டு, இருந்ததை வைத்து எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பதில்தான் சுவாரசியம்.

காசு இல்லாத நாட்டில் வரியை எப்படி வாங்குவது? வேலையாக வாங்கினார்கள். மீத்தா என்று பெயர், முறைவைத்துச் செய்யும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரின் நிலத்திலும் அரசுக்கு ஒரு பகுதி, கோயிலுக்கு ஒரு பகுதி, மிச்சம் ஊருக்கு. குடும்பத்துக்கு ஓர் ஆள் என்று முறைபோட்டுக்கொண்டு அரசு நிலத்தில் உழுது அறுத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சாலை போட வேண்டும், துணி நெய்ய வேண்டும், படைக்குப் போக வேண்டும். தன் சொந்த நிலத்தில் விளைந்ததில் ஒரு மணி கூடக் கொடுக்க வேண்டியதில்லை. இதில் உள்ள சூட்சுமத்தை இன்கா ஆய்வாளர் ஜான் முர்ரா எடுத்துச் சொன்ன பிறகுதான் பலருக்கு விளங்கியது: விளைச்சலில் பங்கு கேட்கும் அரசு என்றால் பனி பெய்து பயிர் கருகிய வருஷமும் குடியானவன்தான் மாட்டிக்கொள்வான். உழைப்பை மட்டும் கேட்டால், அரசு நிலத்தில் பயிர் போனால் அது அரசின் நஷ்டம். அவன் வேலையைச் செய்துவிட்டான், முடிந்தது.

சும்மாவும் வேலை வாங்க முடியாது. வேலைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு அரசு போட வேண்டும், விதையும் கருவியும் அரசு தர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிச்சா என்ற மக்காச்சோளக் கள்ளைத் தாராளமாக ஊற்ற வேண்டும். சிச்சா ஊற்றாத தலைவனுக்கு வேலைக்கு ஆள் வராது. அரசுக்குச் சொந்தமான மக்காச்சோளத்தில் பெரும்பகுதி இதற்கே போயிருக்கும் போல.

இவ்வளவு பேருக்குச் சோறு போட வேண்டுமென்றால் கிடங்கு வேண்டும். கொல்கா என்பார்கள். மத்திய பெருவில் வானுகோ பம்பா என்ற இன்கா நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன, ஆளரவமற்ற மேட்டுச் சமவெளி. அதன் பக்கத்துக் குன்றின் சரிவில் வரிசை வரிசையாக ஏறக்குறைய 500 கிடங்குகள். வட்டமாகச் சில, நீள்சதுரமாகச் சில. அகழ்ந்து பார்த்த கிரெய்க் மோரிஸ் குழுவினருக்கு வட்டக் கிடங்குகளில் பெரிய பெரிய ஜாடிகளும் மக்காச்சோளமும் கிடைத்தன. நீள்சதுரக் கிடங்குகளில் வைக்கோல் அடுக்குகளுக்கு நடுவே கயிற்றால் கட்டிவைத்த உருளைக்கிழங்கு. ஏன் குன்றின் மேல் ஏற்றிக் கட்டினார்கள் என்றால், அங்கேதான் குளிர்காற்று ஓயாமல் அடிக்கும், தண்ணீர் தேங்காது. சில கிடங்குகளில் தரைக்கடியில் கல் பாவிய காற்றுக்கால்கள்கூட உண்டு. பொலிவியாவின் கொச்சபாம்பா பள்ளத்தாக்கில் ஒரே இடத்தில் 2,400 கிடங்குகளின் அடித்தளம் இருக்கிறது.

உருளைக்கிழங்கு இத்தனை நாள் தாங்குமா என்று கேட்பீர்கள். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஜூன், ஜூலையில் ஆண்டீஸ் மேட்டில் இரவு கடும் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில். கிழங்கைத் தரையில் பரப்பிவிடுவார்கள். ராத்திரி உறையும், பகலில் இளகும். சில நாள் இப்படி விட்டுவிட்டு, காலையில் குடும்பமே அதன் மேல் ஏறி வெறுங்காலால் மிதிக்கும். தோல் உரிந்து, உள்ளே இருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியே ஓடும், கசப்பு ரகத்தின் நஞ்சும் அதோடு போய்விடும். பிறகு காய வைத்தால் கூழாங்கல் மாதிரி கறுத்து, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருக்கும். சுன்யோ என்று பெயர். வருஷக்கணக்கில் கெடாது. இன்றைக்கும் பெரு, பொலிவியா சந்தைகளில் கொட்டிவைத்து விற்கிறார்கள்.

சாலைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். மொத்தம் 30,000 கிலோமீட்டருக்கு மேல், ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கிறது, 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நாள் நடைதூரத்துக்கு ஒன்றாகத் தங்குமிடங்கள், அஞ்சல் ஓடும் சாஸ்கிகள். பள்ளத்தாக்குகளின் குறுக்கே புல்லைத் திரித்து முறுக்கிய கயிற்றுப் பாலங்கள். அதில் ஒன்று, அபுரிமாக் ஆற்றின் மேல் இருக்கும் கெஸ்வாசாகா, இன்னமும் இருக்கிறது. நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஜூன் மாதம் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2020இல் கொரோனாவால் கட்ட முடியாமல் போக, 2021 மார்ச்சில் அறுந்து விழுந்துவிட்டது. அந்த ஜூனிலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு இவ்வளவு கயிறு என்று பங்குபோட்டுத்தான் வேலை நடக்கிறது. மீத்தாவைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் காணொளிகளைத் தேடிப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

கிப்பு என்பது பார்வைக்கு ஒரு நூல் துடைப்பம் போல இருக்கும். ஒரு கனமான தலைக்கயிறு, அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் மெல்லிய கயிறுகள், பத்தும் இருக்கலாம், ஆயிரத்துக்கு மேலும் இருக்கலாம். தொங்கும் கயிற்றிலிருந்து கிளைக் கயிறுகள், கிளைக்குக் கிளை. பெரும்பாலும் பருத்தி, சிலது லாமா, அல்பகா மயிர். இயற்கை நிறங்களும் சாயமேற்றிய நிறங்களும் கலந்து.

முடிச்சுகளைப் படிப்பது நீங்கள் நினைப்பதை விடச் சுலபம். நம் தசம முறையேதான். தலைக்கயிற்றுக்குப் பக்கத்தில் பெரிய இடம், கீழே போகப் போகச் சின்ன இடம். 352 என்று எழுத வேண்டுமா? மேலே மூன்று சாதாரண முடிச்சு, கொஞ்சம் இடைவெளி விட்டு ஐந்து சாதாரண முடிச்சு, அடியில் இரண்டு சுற்றுப் போட்ட ஒரு நீள முடிச்சு. அதாவது ஒன்றாம் இடத்துக்கு மட்டும் வேறு வகை முடிச்சு. ஏழு என்றால் ஏழு சுற்று. ஒன்றாம் இடத்தில் 1 வந்தால் ஒரு சுற்று நீள முடிச்சு போட முடியாது, போட்டால் அது சாதாரண முடிச்சாகிவிடும் இல்லையா, அதனால் அதற்கென்று எட்டு வடிவ முடிச்சு ஒன்று. சுழியம் என்றால் அந்த இடத்தில் வெறும் கயிறு. ஒன்றாம் இடத்து முடிச்சு தனி வகையாக இருப்பதால் ஓர் எண் எங்கே முடிகிறது என்பதில் குழப்பமே வராது, ஒரே கயிற்றில் அடுத்தடுத்து இரண்டு எண்களைக்கூட வைக்கலாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் லீலண்ட் லாக் என்ற அமெரிக்கர், 1912இல். அவர் பார்த்த கிப்புகளில் சில கயிறுகள் மட்டும் கீழே தொங்காமல் மேல்நோக்கி நின்றன. கீழே தொங்கும் நாலைந்து கயிறுகளின் எண்களைக் கூட்டினால் மேலே நிற்கும் கயிற்றின் எண் வருகிறது. கூட்டுத்தொகை! அப்புறம் இது கணக்குதானா என்று யாருக்கும் சந்தேகம் வர வழியில்லாமல் போயிற்று.

இந்தக் கணக்கை வைத்திருந்தவர்களுக்குக் கிப்புகமாயோக் என்று பெயர். நம் பக்கத்துக் கணக்கப்பிள்ளைதான். 1615 வாக்கில் வாமன் போமா என்ற ஆண்டீஸ்காரர் ஸ்பெயின் அரசருக்கு ஏறக்குறைய 1,200 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். கடிதமா அது! உள்ளே கிட்டத்தட்ட 400 கோட்டோவியங்கள். அது அரசர் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, 1908இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கிடைத்தது, இப்போது முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் ஒரு படத்தில் ஒரு கிப்புகமாயோக் நிற்கிறார். இரண்டு கையையும் அகல விரித்து ஒரு கிப்புவை இழுத்துப் பிடித்திருக்கிறார், கயிறுகள் தொங்குகின்றன. காலருகே மூலையில் ஒரு கட்டம், நாலுக்கு ஐந்தாக இருபது சதுரம், சதுரங்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக வட்டங்கள். மணியோ கல்லோ வைத்துக் கூட்டிக் கழிக்கும் பலகை. ஆக, கணக்குப் போடுவது பலகையில், பதிந்துவைப்பது கயிற்றில். இன்னொரு படத்தில் அரசர் கிடங்குகளுக்கு முன்னால் நிற்க, கிடங்கு அதிகாரி கிப்புவைக் காட்டிக் கணக்கு ஒப்புவிக்கிறார். அதிகாரியின் முகத்தில் ஒரு பதற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றும். கற்பனையாகவும் இருக்கலாம்.

பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும் குறைந்தது நாலு கணக்கர்கள் இருக்க வேண்டும், நாலு பேரும் அதே கணக்கைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும் என்று இன்கா தாய்க்குப் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா 1609இல் எழுதியிருக்கிறார். ஒருவர் போதும்தான், ஆனால் ஏமாற்றக் கூடாதே. லீமாவுக்குப் பக்கத்தில் புருசூகோ என்ற இடத்தில் கிடைத்த 21 கிப்புகளைக் கிப்பு ஆய்வாளர்கள் கேரி அர்ட்டனும் கேரி பிரெசினும் 2005இல் அலசியபோது, சில கிப்புகளின் எண்களைக் கூட்டினால் வேறு கிப்புகளில் அந்தக் கூட்டுத்தொகை அப்படியே இருந்தது. கீழ்மட்டக் கணக்கு, அதன் மொத்தம் மேல்மட்டத்துக்கு. அதோடு ஒரே எண்கள் கொண்ட இரட்டைக் கிப்புகளும் இருந்தன. நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்காவாசி. லீமாவுக்குத் தெற்கே கன்யேத்தே பள்ளத்தாக்கில் இருந்த இன்காக் கிடங்கு. அலெஹாந்திரோ சூ தலைமையில் அகழ்ந்தபோது கிப்புகள் கல்லறையில் கிடைக்காமல், வேலை நடந்த இடத்திலேயே கிடைத்தன. சில மிளகாயோடு, சில நிலக்கடலையோடு, சில கறுப்பு மொச்சையோடு. சரக்கும் அதன் ரசீதும் ஒரே இடத்தில், ஐந்நூறு வருஷமாக! பக்கத்துக் கூடங்களின் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது, ஒரு கட்டத்துக்கு இவ்வளவு என்று கொட்டி அளந்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். சில கிப்புகளில் ஒரு பெரிய எண், அதிலிருந்து ஒரே மாதிரி ஒரு தொகை கழிவு, பிறகு மிச்சம் என்று வருகிறதாம். வரியோ, கிடங்குக்கு எடுத்துக்கொண்ட பங்கோ. போகிற போக்கில் ஒன்று: அந்த மிளகாயும் கடலையும் போர்த்துகீசியர்கள் வருவதற்கு முன் நம் ஊர் அடுப்படியில் கிடையாது.

இதுவரை படித்தவர்களுக்கு இது ஏதோ ஏழைபங்காளர் ஆட்சி என்று தோன்றியிருக்கலாம். அப்படி நினைத்து, சோஷலிசப் பேரரசு என்றெல்லாம் எழுதிய ஐரோப்பியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடும்பங்களைப் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பொறுப்பாளரைப் போட்டு எண்ணி வைத்திருந்த அரசு, கிழங்கை எண்ணிய அதே கயிற்றில் மனிதர்களையும் எண்ணியது. எண்ணி வைத்திருந்தால் எடுத்து வேறிடத்தில் நடலாம். கொச்சபாம்பாவில் வாயினா கபாக் அரசர் அரசு நிலத்தில் சோளம் போட 14,000 பேரைக் கொண்டுவந்தார், பூர்வகுடிகள் பலரை அங்கிருந்து கிளப்பிய பிறகு. முரண்டு பிடித்த இனங்களைப் பிய்த்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குடியமர்த்துவது வழக்கமான கொள்கை. பெண் குழந்தைகளில் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டு போய், மதிலுக்குள் வைத்து நெசவும் சிச்சாவும் செய்யவைத்தார்கள். குழந்தைகளை மலைச் சாமிக்குக் கொடுத்தார்கள். 1999இல் அர்ஜென்டினா எல்லையில் 6,739 மீட்டர் உயரமுள்ள யூயாயாகோ எரிமலை உச்சியில் மூன்று குழந்தைகளின் உடல்கள் உறைந்து அப்படியே கிடைத்தன. மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அவள் தலைமுடியை ஆராய்ந்ததில், கடைசி ஒரு வருஷத்தில் சாப்பாடு திடீரென்று மேம்பட்டிருப்பதும், கோகா இலையும் சிச்சாவும் கூடியிருப்பதும், சிச்சா கடைசி வாரங்களில் உச்சத்தில் இருந்ததும் தெரியவந்தது. தேர்ந்தெடுத்து, ஒரு வருஷம் ஊட்டி வளர்த்து, போதையேற்றி, உச்சியில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

அதனால்தான் பிசாரோ வந்தபோது கூடச் சேர்ந்துகொள்ள ஆள் இருந்தது. 168 பேர் ஒரு பேரரசைச் சாய்த்தார்கள் என்பது பாதிக் கதை. அம்மை நோயும், அதாவால்பாவுக்கும் அவர் சகோதரர் வாஸ்காருக்கும் நடந்த வாரிசுப் போரும் ஏற்கனவே நாட்டைக் கிழித்திருந்தன. கூடவே, இன்காவை வெறுத்த இனங்கள்: கன்யாரிகள், சச்சபோயாக்கள், ஹௌஹா பள்ளத்தாக்கின் வாங்காக்கள்.

இந்த வாங்காக்கள் செய்த காரியம்தான் இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது. 1533இலிருந்து ஸ்பானியர்களுக்குச் சோறும் துணியும் லாமாவும் சுமைதூக்கிகளும் கொடுத்தார்கள். அத்தனையையும் கிப்புவில் முடிந்துவைத்தார்கள். இன்கா ஆட்சி போயிற்று, கணக்கைக் கேட்க மேலே ஆள் இல்லை. இவர்கள் பாட்டுக்கு வருஷாவருஷம் முடிந்துகொண்டே போனார்கள். 1561இல் அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான பிரான்சிஸ்கோ குசிசாகா லீமாவில் இருந்த ஸ்பானிய உயர் நீதிமன்றத்தின் முன் போய்க் கணக்கை வைத்தார். கிப்புவைப் பார்த்துப் படிக்கப் படிக்க எழுத்தர் ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டார்: பிசாரோ வந்த சமயம் கொடுத்த லாமா இத்தனை, துணி இத்தனை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மீன், செருப்பு, பானை. நாங்களாகக் கொடுத்தது தனி, நீங்கள் கொள்ளையடித்தது தனி. ஆமாம், கொள்ளைக்குத் தனிப் பத்தி. வாழ்க்கையிலேயே கேட்டிராத ஒரு நாட்டுக்காரன் கிடங்கை உடைத்து அள்ளிக்கொண்டிருக்கும்போது, ஓரமாக நின்று எத்தனை மூட்டை என்று எண்ணிக் கயிற்றில் முடிந்திருக்கிறான் ஒரு கணக்கப்பிள்ளை. சொல்லப்போனால் 1540களில் அந்தப் பக்கம் வந்த சியெசா தெ லியோன் என்ற படைவீரர் இதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, முதலில் நம்பாமல், பிறகு அசந்துபோய் எழுதியிருக்கிறார்.

நீதிமன்றம் கிப்புவைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். ஸ்பானியர்களுக்குக் கிப்பு எவ்வளவு நம்பகமானது என்று நன்றாகவே தெரியும். பாவமன்னிப்புக்கு வருபவர்களைப் பாவங்களைக் கயிற்றில் முடிந்து எடுத்து வரும்படி பாதிரியார்கள் பழக்கியிருந்தார்கள். அதே திருச்சபை 1583இல் லீமாவில் கூடிய மூன்றாவது சங்கத்தில், பழைய வழிபாட்டைச் சுமக்கும் கிப்புகளை ஒழித்துக்கட்டச் சொன்னது. தங்களுக்கு வசதியான கயிறு வேண்டும், மற்றது வேண்டாம்.

மீத்தாவுக்கும் இதே கதிதான். 1570களில் அரசப் பிரதிநிதி தொலேதோ பழைய இன்கா முறை என்று சொல்லியே போதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு வருஷம் 13,000க்கு மேற்பட்டோரை முறைபோட்டு இழுத்தார். பெயர் மீத்தாதான், தலைக்கணக்கும் இருந்தது. ஆனால் போகிறவன் தன் சாப்பாட்டைத் தானே லாமா முதுகில் ஏற்றிக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு மாதக்கணக்கில் நடந்து போக வேண்டும். வழியில் கிடங்கு இல்லை, சிச்சா ஊற்ற ஆள் இல்லை, திரும்பி வராதவர்கள் ஏராளம். வாங்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு கொடுக்கும் பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். இன்கா ஆட்சி நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு மீத்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் சொல்வேன்.

இன்று உலக அருங்காட்சியகங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிப்புகள் இருக்கின்றன, அதிகம் இருப்பது பெர்லினில். எண்களைப் படித்துவிடுகிறோம், எதன் எண் என்பதுதான் பெரும்பாலும் பிடிபடவில்லை. எண் அல்லாத முடிச்சுகளும் இருக்கின்றன, அவற்றில் கதை, வம்சாவளி, பாட்டு எல்லாம் இருக்கலாம் என்று ஒரு கட்சி. 2015இல் லீமா மலைப்பகுதியில் கொயாத்தா என்ற ஊரில், மாதா கோயிலில் மரப்பெட்டிக்குள் ரகசியமாக வைத்திருந்த இரண்டு கிப்புகளை மானுடவியலாளர் சபீன் ஹைலண்டுக்கு ஊர்க்காரர்கள் காட்டினார்கள். போர்க்காலத்தில் தங்கள் தலைவர்கள் எழுதிய கடிதங்கள் என்றார்கள். பல விலங்குகளின் மயிர், பல நிறம், முறுக்கும் திசை, எல்லாம் சேர்த்து 95 வகைக் குறிகளை அவர் எண்ணினார். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்த விலங்கின் மயிர் என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அவருடைய குழுவே 2025இல் இன்னொரு கிப்புவைப் பற்றி எழுதியது: அதன் தலைக்கயிறு மனித முடியால் ஆனது. முடிக்கு உரியவர் சாப்பிட்டதை ஆராய்ந்தால் கிழங்கும் கீரையும்தான், கறியும் சோளமும் மிகக் குறைவு. கிப்பு செய்பவர்கள் எல்லாம் மேல்தட்டு அதிகாரிகள் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம், இவர் சாதாரணக் குடியானவர் மாதிரி சாப்பிட்டிருக்கிறார்.

கதையும் பாட்டும் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் என் பந்தயம் கணக்கின் மேல். ஹார்வர்டில் இளங்கலை மாணவராக இருந்த மேனி மெட்ரானோ, அர்ட்டனோடு சேர்ந்து, சாந்தா பள்ளத்தாக்கில் கிடைத்த ஆறு கிப்புகளை எடுத்துக்கொண்டு, அதே பகுதியில் 1670இல் ஸ்பானியர்கள் எடுத்த வரிக்கணக்கோடு பொருத்திப் பார்த்தார். காகிதத்தில் வரி கட்டுவோர் 132 பேர். கிப்புகளின் கணக்கும் ஏறக்குறைய அதோடு ஒத்துவந்தது. கயிற்றைத் தலைக்கயிற்றில் முன்பக்கமாகக் கட்டியிருக்கிறதா பின்பக்கமாகவா என்பது அந்த ஆள் ஊரின் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டுவது போலிருக்கிறது, நிறம் பெயரோடு சம்பந்தப்பட்டிருக்கலாம். கயிற்றிலிருந்து ஆள் பெயரை நெருங்க முடிந்ததே ஒரு வரி ஏட்டின் புண்ணியத்தில்தான். ஸ்பானியர்கள் காலத்தில் கிப்புவிலிருந்து படித்து எழுதிய காகிதங்கள் ஆவணக் காப்பகங்களில் இன்னும் இருக்கின்றன, கயிறுகள் பெர்லினிலும் லீமாவிலும் இருக்கின்றன, எந்தக் கயிறு எந்தக் காகிதம் என்று பொருத்தும் வேலையைக் கணினியை வைத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள்.